வகுப்பறையில் நடப்பது வீட்டிற்குத் தெரியுமா?

மாலை நான்கரை மணிக்குப் பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தையிடம் எந்த வீட்டிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: "இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு?" எந்த வீட்டிலும் கிடைக்கும் விடையும் ஒன்றே: "ஒண்ணுமில்லம்மா." பை ஒரு மூலையிலும் செருப்பு மறு மூலையிலுமாகக் கிடக்க, குழந்தை தெருவுக்கு ஓடிவிடுகிறது.

உண்மையில் ஒன்றுமே நடக்கவில்லையா? ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வரையறுத்துள்ளது. தொடக்கப் பள்ளியின் ஐந்து ஆண்டுகளையும் கூட்டினால் 4,000 மணி நேரம். அந்நேரத்தில்தான் நம் பிள்ளை முதன்முதலாக ஒரு சொல்லைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. முதல் தோழனைப் பெறுகிறது. அவனோடு சண்டையிட்டுப் பேசாமலிருக்கிறது. நாலு பேர் முன்னிலையில் விடை தெரியாமல் நின்று கூசுகிறது. மறுநாள் விடை சொல்லி நிமிர்கிறது. நடந்தது அத்தனையையும் சொல்வதற்குச் சொற்கள் போதாமல்தான் "ஒண்ணுமில்ல" என்கிறது போலும்.

அந்த 4,000 மணி நேரத்தைப் பற்றிப் பெற்றோராகிய நாம் அறிவது என்ன? பருவத்திற்கு ஒருமுறை கையெழுத்துக்காக வந்து, மறுநாளே திரும்பிச் செல்லும் மதிப்பெண் அட்டை ஒன்று. ஏதேனும் தவறு நேர்ந்தால் வரும் அழைப்பு ஒன்று. பின்னர் ஆண்டு விழா. ஆண்டு விழாவைப் பற்றி ஒரு சொல் கூறத்தான் வேண்டும். மூன்று வாரம் பயிற்சி, வாடகைக்கு எடுத்த உடை, முகம் நிறையப் பவுடர், ஐந்து நிமிட நடனம். பெற்றோர் மகிழ்கிறார்கள், மகிழட்டும். ஆனால் அந்த மேடையில் வகுப்பறையைக் காண முடியாது.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. பள்ளியிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றாலே ஒரு தாயின் நெஞ்சு படபடக்கிறது. "என்ன செஞ்சு வச்சான்?" என்பதே அவள் கேட்கும் முதற்கேள்வி. நல்ல செய்தி சொல்லவும் பள்ளி ஆளனுப்பும் என்று அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை. அப்படி ஆளனுப்பிய பள்ளிகளும் மிகச் சிலவே. குற்றம் நிகழ்ந்த நாளில் மட்டும் பேசிக்கொள்ளும் இருவருக்கிடையே நம்பிக்கை எங்கிருந்து வளரும்? எவ்விதச் சிறப்பும் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் வகுப்பறையில் என்ன நடக்கிறதோ, அது பெற்றோருக்குத் தெரிய வேண்டும் என்பதே நம் கருத்து.

பாயில் அமர்ந்த வகுப்பு

தெரியாவிடில் என்ன ஆகும் என்பதற்குத் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. ஆந்திர மாநிலம் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில், சுற்றுப்புறச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கென உருவான ஒரு கற்பித்தல் முறையைச் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் நேரில் கண்டு கற்றனர். 2003ஆம் ஆண்டில் மாநகராட்சிப் பள்ளிகளில் அது கையாளப்படத் தொடங்கியது. 'செயல்வழிக் கற்றல்' என்னும் பெயருடன் 2007-08ஆம் கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை அது பரவிற்று.

வகுப்பறையின் தோற்றமே மாறியது. பெஞ்சுகள் அகன்று பாய்கள் விரிந்தன. ஆசிரியை நாற்காலியை விட்டுத் தரையில் பிள்ளைகளோடு அமர்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதி கரும்பலகையாகி, ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதிப் பார்க்கத் தனக்கென ஓரிடம் கிடைத்தது. பாடங்கள் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டுத் தட்டுகளில் அடுக்கப்பட்டன. சுவரில் தொங்கிய 'ஏணிப்படி'யில் தான் நிற்கும் படியைக் கண்டறிந்து, அதற்குரிய அடையாளப் படம் கொண்ட அட்டையைத் தானே எடுத்து வந்து பிள்ளை கற்க வேண்டும். ஒரு படி முடிந்தால்தான் அடுத்த படி. ஒருவன் பத்தாம் படியில் நிற்க, அவன் அருகிலிருப்பவன் பதினைந்தாம் படியில் நிற்கலாம். பிள்ளைகள் வரைந்தவை எல்லாம் தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கின.

இனி, சன்னல் வழியாக எட்டிப் பார்த்த ஒரு தந்தையின் கண்ணுக்கு இது எப்படித் தோன்றியிருக்கும் என எண்ணிப் பாருங்கள். ஆசிரியை பலகையில் எழுதவில்லை. வகுப்பு ஒரே குரலில் வாய்பாடு ஒப்பிக்கவில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்து அட்டைகளைப் பரப்பி வைத்திருக்கின்றன. வீட்டுப்பாடம் என்று எதுவும் வருவதில்லை, நோட்டும் நிரம்புவதில்லை. எழுத்துகளைக் கற்பிக்கும் வரிசையும் மாறியிருந்தது. அ, ஆ எனத் தொடங்கும் பழைய வரிசையை விடுத்து, எழுதுவதற்கு எளிய ட, ப, ம போன்ற எழுத்துகளை முதலில் கற்பித்து, 'படம்', 'மடம்', 'பட்டம்' எனச் சொற்களுக்கு அழைத்துச் செல்லும் முறை அது. வீட்டிலிருந்த பாட்டிக்கோ பெருந்திகைப்பு. விசயதசமியன்று அரிசியில் 'அ' எழுதிப் பழகிய நாட்டில், 'அ' தெரியாத பிள்ளை 'ட' எழுதுகிறதே!

"அங்க டீச்சர் பாடமே நடத்துறதில்ல, பிள்ளைங்க சீட்டு விளையாடுதுங்க" என்ற பேச்சு தெருவில் பரவ எவ்வளவு நேரமாகும்? அந்தப் பேச்சை நம்பிய வீடுகள் பிள்ளையை அழைத்துச் சென்றது எங்கே? பெரும்பாலும் கட்டணம் வாங்கும் மழலையர் பள்ளிக்கே. அதற்காகக் கடன் பட்டவர்களும் உண்டு.

அம்முறை குறையற்றது என்று நாம் வாதிடவில்லை. ஆசிரியர்களுக்குள்ளேயே அதுபற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது. பின்னர் அது பல மாற்றங்களுக்கும் உள்ளானது. நாம் சுட்டுவது வேறு. ஏணிப்படி என்றால் என்ன, 'ட' ஏன் முதலில் வருகிறது என்று பெற்றோரைப் பாயில் அமர்த்தி விளக்குவதற்கு ஒரு பிற்பகல் போதும். அந்த ஒரு பிற்பகலைச் செலவிட்ட ஆசிரியர் பலர் உண்டு. செலவிடாத இடங்களில் தெருப்பேச்சே விளக்கமாயிற்று.

இக்கதை பழையதாகிவிடவில்லை. 2022ஆம் ஆண்டில் முதல் மூன்று வகுப்புகளுக்கென 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது, பிள்ளைகள் தம் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனக் குழுக்களாயினர். பெயர்கள் அழகானவை. "என் மகள் அரும்பு" என்று ஒரு தாய் மகிழ்ந்திருப்பாள், எதிர் வீட்டுப் பிள்ளை 'மலர்' என்பது காதில் விழும் வரையில். விழுந்த பிறகு, அரும்பு என்றால் மக்கு என்று பொருள் கொண்டுவிட்டால், அழகிய பெயரே சுடுசொல்லாகி விடுகிறது. குழு என்பது இன்று பிள்ளை நிற்கும் இடம். அடுத்த மதிப்பீட்டில் அது மாறலாம். தமிழில் அரும்பாய் இருப்பவள் கணக்கில் மொட்டாய் இருக்கவும் கூடும். இவ்வளவையும் விளக்க எத்தனை நிமிடம் வேண்டும்? ஆனால் யாரேனும் விளக்க வேண்டும்.

கூட்டல் கழித்தலிலும் இதே தொல்லை. பள்ளியில் பத்துப் பத்துக் குச்சிகளைக் கட்டாகக் கட்டி, கட்டை அவிழ்த்து ஒன்றுகளாக்கிக் கழிக்கக் கற்பிக்கிறார் ஆசிரியை. இரவில் தந்தை, "பக்கத்துல கடன் வாங்கு" என்று தமக்குத் தெரிந்த வழியைக் கற்பிக்கிறார். இரண்டும் ஒன்றே என்று அவருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. விடிந்தால் பிள்ளைக்குக் கணக்கு என்றாலே வயிற்றுவலி.

பாதி இங்கே, பாதி அங்கே

வகுப்பறைச் செய்தி வீட்டிற்கு வந்தால் மட்டும் போதாது. வீட்டுச் செய்தியும் வகுப்பறைக்குச் செல்ல வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே கூறுவோம். எந்தப் பள்ளியிலும் நிகழக்கூடியது அது.

மூன்றாம் வகுப்புச் சிறுவன். வாய்மொழியாகக் கேட்டால் பளிச்சென்று விடை கூறுவான். பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் மட்டும் பக்கத்துப் பையனின் நோட்டை எட்டிப் பார்ப்பான். பாதி எழுத்துகள் தவறு. 'காப்பி அடிக்கிறான்', 'கவனமில்லை' என்று ஆசிரியை குறித்து வைக்கிறார். வீட்டிலோ, தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில் போய் நிற்கிறான். "தள்ளி உட்காருடா" என்று தாய் நாளுக்குப் பத்து முறை அதட்டுகிறாள். மாலையில் தலைவலி என்கிறான். படிப்பதற்குச் சோம்பல்பட்டுச் சொல்லும் பொய் என்று அவள் எண்ணுகிறாள். அட்டையில் மதிப்பெண் குறைகிறது. தந்தை பெல்டைக் கழற்றுகிறார்.

தாய் கண்டதும் ஆசிரியை கண்டதும் ஒரே செய்தியின் இரு பாதிகள். இருவரும் பத்து நிமிடம் எதிரெதிரே அமர்ந்து, குற்றம் சாட்டும் நோக்கமின்றி, "வீட்ல எப்படி இருக்கான்?" "இங்க எப்படி இருக்கான் டீச்சர்?" என்று பேசியிருந்தால், பையனுக்குத் தேவை பெல்ட் அன்று, மூக்குக்கண்ணாடி என்று அன்றே தெரிந்திருக்கும். பேசாமையினால் ஓராண்டு முழுவதும் அவன் மந்தன் என்ற பெயரோடு வாழ்ந்தான். கண்ணாடி கிடைத்த பிறகு பலகை தெளிவாகத் தெரியும். ஆனால் தன்னை மந்தன் என்று அவனே நம்பத் தொடங்கியிருந்தால், அதை எந்தக் கடையில் வாங்கிய கண்ணாடி திருத்தும்?

கண் மட்டுமன்று. காது கேளாமை, காலையில் உண்ணாமல் வருதல், வீட்டில் நிகழ்ந்த மரணம், புதிதாய்ப் பிறந்த தம்பி, தந்தையின் குடி, வழியில் மிரட்டும் பெரிய பையன் எனப் பிள்ளையின் படிப்பைத் தொடும் செய்திகள் பல. இவற்றில் எதையும் ஆசிரியர் ஊகித்தறிய இயலாது. "வீட்டு விஷயத்த டீச்சர்கிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்று கூச்சப்படும் பெற்றோர் இருக்கின்றனர். கூச்சம் இயல்பே. முழுக்கதையையும் சொல்ல வேண்டியதில்லை. "இந்த வாரம் வீட்ல ஒரு கஷ்டம் டீச்சர், பிள்ளையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்னும் ஒரு வாக்கியம் போதும். அதைக் கேட்ட ஆசிரியர், அதை ஓய்வறையில் பேச்சுப் பொருளாக்காமல் காப்பதும் கடமை.

கடிதத்தைப் படிப்பவர் யார்?

செய்தி அனுப்பும் வழி யாது? பையில் ஒரு துண்டுக் கடிதம் வைத்தனுப்புவது பழைய வழக்கம். எழுதப் படிக்கத் தெரிந்த வீட்டிற்கு அது சரி. தாய்க்கு எழுத்துத் தெரியாத வீட்டில் கடிதத்தைப் படித்துக் காட்டுபவர் யார்? அதே பிள்ளைதான்! குற்றம் சாட்டப்பட்டவனே குற்றப் பத்திரிகையை வாசிக்கிறான். "நாளைக்குப் பென்சில் வாங்கிட்டு வரணுமாம்" என்று அவன் சுருக்கிச் சொல்லிவிட்டால் வியப்பதற்கில்லை.

கைப்பேசி வந்த பின் வாட்ஸ்அப் குழுக்கள் பெருகியுள்ளன. எழுத்தறியாத தாய்க்கும் குரற்செய்தி அனுப்பலாம் என்பது அதன் பெரும் நன்மை. "இந்த வாரம் நம்ம பிள்ளைங்க ஊர்ல உள்ள மரங்களோட பேரைச் சேகரிக்கிறாங்க, வீட்ல கேட்டா சொல்லிக் கொடுங்க" என்று ஆசிரியையின் குரலே வீட்டுக்குள் ஒலிப்பது எத்துணை அழகு! ஆனால் அந்தக் குழுவிலேயே, "பின்வரும் ஐந்து பேர் வீட்டுப்பாடம் செய்யவில்லை" என்று பெயர்ப் பட்டியல் வெளியிடுவதை நாம் வன்மையாக மறுக்கிறோம். நாற்பது குடும்பங்களின் முன் ஒரு குழந்தையை நிறுத்தி வைப்பது அது. பிள்ளைகளின் படங்களைக் கண்டபடி பகிர்வதும் வேண்டா. படம் எங்கெல்லாம் போய்ச் சேரும் என்பதை அனுப்பியவரும் அறியார். மேலும், கைப்பேசி தந்தையின் சட்டைப்பையில் இருக்கிறது. தந்தை வெளியூரில் இருக்கிறார். செய்தி போய்ச் சேர்ந்ததற்குக் குறி விழும். வீட்டிற்கோ ஒன்றும் தெரியாது.

நேரில் பேசுவதற்கு ஈடில்லை. ஆனால் கூட்டம் எப்போது நடக்கிறது? வேலை நாளில், காலை பத்து மணிக்கோ பிற்பகல் மூன்று மணிக்கோ. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்பவர்கள் விடியுமுன் புறப்படுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து முந்திரி ஆலைக்குச் செல்லும் தாய் மாலையில்தான் திரும்புகிறாள். மீன் கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்பவள் பத்து மணிக்கு எந்தத் தெருவில் இருப்பாளோ! ஒரு நாள் கூலியை இழந்து வா என்று அழைத்துவிட்டு, "இந்தப் பெற்றோருக்கு அக்கறையே இல்லை" என்று ஏட்டில் எழுதுவது நீதியன்று.

நம் பங்குகளில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மக்கள் கோவில் வாசலில் நின்று பேசுவது வழக்கம். அருகிலேயே பள்ளியும் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு, அரை மணி நேரம், வகுப்பறைக் கதவுகளைத் திறந்து வைத்தால் என்ன? பிள்ளை தன் தாயின் கையைப் பிடித்து இழுத்துச் சென்று, "நான் உட்காருற இடம் இதுதான், இது நான் வரைஞ்சது" என்று காட்டட்டும். ஒன்று மட்டும் மறக்கலாகாது: நம் பள்ளிகளில் பயில்வோர் அனைவரும் நம் கோவிலுக்கு வருவோர் அல்லர். அவர்தம் பெற்றோருக்கும் அந்த அழைப்பு, அதே மரியாதையோடு, முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். கோவிலுக்குள் வர வேண்டியதில்லை, பள்ளிக்கு வந்தால் போதும் என்பதும் விளங்க வேண்டும்.

சட்டம் என்ன கூறுகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுவோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அமைக்கப்படும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், குழுவில் பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை மீண்டும் ஆராய வேண்டும் என்னும் கருத்து 2025இல் அந்நீதிமன்றத்திலேயே எழுந்தது. வழக்கு எப்படி முடியினும், பெற்றோரைப் பள்ளிக்குள் வரவேற்பதற்குச் சட்டத்தின் கட்டளைக்காக நாம் ஏன் காத்திருக்க வேண்டும்?

செய்தி பிரம்பாகிவிடாமல்

ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. பள்ளியில் உடல் தண்டனையும் மன உளைச்சல் தரும் தண்டனையும் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு. பிரம்பைக் கீழே வைத்த ஆசிரியர், தாம் அனுப்பும் செய்தியே வீட்டில் பிரம்பாக மாறுவதை அறிவாரா? "உங்க பையன் படிக்கவே மாட்டேங்குறான்" என்ற ஒரு வரிக்கு எத்தனை அடி விழுகிறது என்பது அந்தப் பையனின் தொடைக்குத் தெரியும். குறையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதனைத் தனியே, நேரில் சொல்லலாம். அவன் நன்றாகச் செய்யும் ஒன்றை முதலில் கூறலாம். குறையைக் களையத் தாம் வகுப்பில் என்ன செய்கிறார், வீட்டில் என்ன செய்தால் உதவும் என்பதையும் சேர்த்துக் கூறலாம். வழி சொல்லப்படாத குறை பெற்றோரைத் தவிக்க வைக்கிறது. தவிக்கும் தந்தைக்குத் தெரிந்த ஒரே வழி கையை ஓங்குவது.

மதிப்பெண் அட்டையும் அத்தகையதே. 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது, செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் உரிய வளரறி மதிப்பீட்டிற்கு 40, பருவ இறுதியில் வரும் தொகுத்தறி மதிப்பீட்டிற்கு 60 எனப் பிரித்தனர். நாள்தோறும் வகுப்பில் செய்தவற்றிற்கும் மதிப்புத் தரும் நல்ல ஏற்பாடு. ஆனால் 40 எதற்கு, 60 எதற்கு என்று எத்தனை வீடுகளில் விளங்கிற்று? கூட்டிய தொகையைப் பார்த்தோம், பக்கத்து வீட்டுத் தொகையைக் கேட்டோம், கையெழுத்திட்டோம்.

ஆசிரியரின் சுமையையும் நாம் அறியாமலில்லை. 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர் என்பதுதான் சட்டம் வகுத்த அளவு. ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்து, பதிவேடுகளை நிரப்பி, கணினியில் விவரங்களை ஏற்றி, தேர்தல் பணிக்கும் செல்லும் அவர்களிடம் வாரந்தோறும் ஓர் அறிக்கை எழுதித் தாருங்கள் என்று கேட்பது இரக்கமற்ற செயல். வழி எளிதாக இருக்க வேண்டும். பள்ளி வாயிலில் ஒரு கரும்பலகை, திங்கள்தோறும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே ஒவ்வொரு வகுப்பிற்கும் ஒரு வரி எழுதட்டும்: "ஒன்றாம் வகுப்பு: 'ப' குடும்பத்துச் சொற்கள்." "மூன்றாம் வகுப்பு: கடைக்குப் போய் விலை கேட்டு வருதல்." பிள்ளையை விட வரும் தாத்தா நின்று படிப்பார்; படிக்கத் தெரியாதவர் படிப்பவரைக் கேட்பார். மாலையில் "என்ன நடந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்பதை விடுத்து, "கடையில வெங்காயம் என்ன விலை சொன்னாங்க?" என்று கேளுங்கள். "ஒண்ணுமில்ல" என்ற விடை வருகிறதா பாருங்கள்.

மற்றொன்று, சூன் மாதத்தில் முதன்முதலாகப் பெற்றோரைச் சந்திக்கும்போது செய்ய வேண்டியது. ஒரு நோட்டில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரேயும், வீட்டாரை எப்போது சந்திக்கலாம் என்று அவர்களையே கேட்டு ஆசிரியர் குறித்துக்கொள்ளட்டும். அந்தப் பக்கம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: தாய் உப்பளம், பிற்பகல் 2 மணிக்கு மேல். தாய் முந்திரி ஆலை, ஞாயிறு மட்டும். பாட்டி வீட்டிலேயே, எந்நேரமும்; காது சற்று மந்தம், உரக்கப் பேச வேண்டும். தந்தை கடலில், சனி இரவு கரை.